உன் பெயருக்கு மேலே என்ன போட?

என் கோபக்கார நசீமாவுக்கு,

நேற்று மதியம் கடையில் கண் அசந்துவிட்டேன். பூந்தமல்லி ரோட்டு வெயில் கண்ணாடிக் கதவு வழியே வந்து தரையெல்லாம் தண்ணீராய்த் தெரிந்தது. ஃபிளக்ஸ் மிஷினிலிருந்து யாரோ ஒரு மாப்பிள்ளையின் முகம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நீ பேனர் சுருள்கள்மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாய்.

"உன் பேருக்கு மேல இன்னாடி போட?" என்று கேட்டேன். "பசிக்குதுக்கா, மொதல்ல ஒரு பன்னு சொல்லு" என்றாய். நாலே நாள் காய்ச்சலில் போனவள், ஒரு வருஷம் ஆகியும் பசியோடுதான் வருகிறாய். சிரித்துக்கொண்டே விழித்தேன். அப்புறம் அழுதேன்.

விஷயம் இதுதான். நேற்றுக் காலை மகளிர் சங்கத் தலைவி லதா மேடம் உன் முதலாண்டு நினைவுக் கூட்டத்துக்கு பேனர் அடிக்க வந்தார். "மீண்டெழுந்த வீரமங்கைன்னு பெருசா போடும்மா" என்றார். எனக்குக் கை ஓடவில்லை.

என் தொழில் உனக்குத் தெரியாததா? எலெக்‌ஷனில் நிற்பவரெல்லாம் சிங்கம், காது குத்துகிற குழந்தையெல்லாம் இளவரசி. அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கும் செய்தேன். நீ முன்பு வேலை பார்த்த கம்பெனியில் மேலாளர் உன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததை நீயே சங்கத்து மேடையில் சொன்னாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு இதே 'வீரமங்கை'யை உன்னைக் கேட்காமலே அடித்து, கரையான்சாவடியில் கட்டவும் வைத்தேன்.

மறுநாள் நீ வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

"யாரக் கேட்டுக்கினு போட்டே? நேத்து பூரா பாயில சுருண்டுகினு கெடந்தேன். வீரமங்கை அப்டியா கெடப்பா?"

"அப்ப பாதிக்கப்பட்டவர்னு மாத்திடட்டுமா?"

"கோர்ட்டுல அது எனக்கு வேண்டியிருந்துச்சு, சொன்னேன். அதுக்காக நெத்தியில ஒட்டிக்கினே திரியணுமா? ஒரு நாளு அது, ஒரு நாளு இது, ஒரு நாளு ஒண்ணுமே வேணாம். என்னாண்ட கேளுக்கா. கேட்டுட்டுப் போடு."

இதை லதா மேடத்திடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவ தொறந்து சொன்னத நாம மூடிட்டா, ஊரு மறைக்க சொன்னதும் நாம மறைக்கறதும் ஒண்ணுதானேம்மா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதே, நசீமா. பட்டம் போட்டால் உனக்குத் துரோகம். வெறும் பெயரைப் போட்டால் உன் தைரியத்துக்குத் துரோகம். நான் எங்கே போய் யாரைக் கேட்பேன்?

சாயங்காலம் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே திருவேற்காடு ஷேர் வேன்கள் ஆள் கூப்பிடும் சத்தம் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருந்தது. கடைசியில் உன் பெயரை அடித்தேன். அதன் கீழே, "தனக்கு நடந்ததைத் தானே சொன்னாள்" என்று போட்டேன். நீ யார் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ செய்ததை மட்டும் சொன்னேன். திரும்பி வந்த லதா மேடம் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "அடிம்மா" என்றார்.

இதையும் உன்னைக் கேட்காமல்தான் போட்டிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் வந்து திட்ட நீ இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இனி என் கடைக்கு எந்தப் பெண் வந்தாலும் அவளைக் கேட்காமல் அவள் பெயரோடு ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன். நேற்று சொன்னதை இன்றைக்கு மாற்றச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் மாற்றுவேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
நீ திட்டாமல் தவிக்கிற
உன் செல்வி அக்கா