கத்திக்குக் கை தெரியுமா

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டார் முதலாளி. “எத்தன தடவ சொல்றது, சோத்துக்கையால வெட்டு!”

மீன் கடையில் தொழில் பழகச் சேர்ந்து இதுவரை நான் பழகியது ஐஸ் அள்ளுவதும் செதில் தேய்ப்பதும்தான். நான் இடது கைக்காரி. அது ஒரு குற்றமா? வலது கையில் கத்தி பிடித்தால் நடுங்குகிறது. இடது கையால் வெட்டினால் பாதிச் சதை முள்ளிலேயே தங்கிவிடுகிறது. அந்த முள்ளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். “பாருங்க, முள்ளுக்கும் சாப்பாடு போட்டிருக்கா!” கடையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதக் கடைசியில் முடிவு சொல்வாராம், வெட்டும் பலகையா வீடா என்று. இதை நம்பித்தானே துணிக்கடை வேலையை விட்டேன்!

மார்ச் 5

சோப்புப் போட்டும் கை நாறுகிறது. அவர் பேச்சு அதைவிட.

மார்ச் 7, வெள்ளி

கத்திகளைக் கழுவும்போது விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாமே ஒரு பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் தட்டையாகவும் தீட்டியவை. வலது கையில் தட்டைப் பக்கம் முள்ளை ஒட்டிப் போகும். என் கையில் சாய்வு முள்பக்கம் வந்துவிடுகிறது, கத்தி விலகி மேலே ஏறுகிறது. அட! என் கை என்ன செய்யும்?

ஓடிப் போய்ச் சொன்னேன்.

“கத்திக்குக் கை தெரியுமா? வேலையப் பாரு.”

மறுபடியும் சிரிப்பு. சீ!

மார்ச் 9, ஞாயிறு

கடை மூலையில் துருப்பிடித்துக் கிடந்த கத்தியை முதலாளியிடம் கேட்டேன். எடுத்துத் தொலை என்றார். வீட்டில் உட்கார்ந்து மறுபக்கம் சாய்வு வரும்வரை தீட்டினேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். “பேசாம வலது கையிலயே பழகிக்கயேன்டி.” நீயுமா? ஏன் பழக வேண்டும்? ஏன்?

மார்ச் 11

கடை திறக்குமுன் என் கத்தியால் ஒரு மீன் வெட்டினேன். முள் சுத்தமாக வந்தது! காட்டினேன். “குருட்டாம்போக்குல வந்திருக்கும்” என்றார். திரும்பிக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. என்ன மனுஷன்யா இவர்?

மார்ச் 15, சனி

கூட்டம் அலைமோதியது. அவசரத்தில் முதலாளி கழுவும் தொட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். என்னுடையது. நான் வாய் திறப்பதற்குள் வெட்டிவிட்டார். பெரிய மீன். முள் முழுக்கச் சதை.

வழக்கமாக வரும் வாத்தியார் எட்டிப் பார்த்தார். “என்ன முதலாளி, முள்ளுக்கும் சாப்பாடு போட்டாச்சா?”

யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. முதலாளி கத்தியின் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு வாத்தியாரிடம் சொன்னார், “கத்தி சரியில்ல சார்.”

கத்தி சரியில்லையாம்! அவர் வெட்டிக் கெட்டால் கத்தி சரியில்லை. நான் வெட்டிக் கெட்டால் கை சரியில்லை. வீடு வரும்வரை இதையே முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன். தெருவில் போனவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 16

இன்று எனக்கு மட்டும் விடுப்பு. கோபத்துக்கு இல்லை.

மார்ச் 31, திங்கள்

இன்று முடிவு சொல்லும் நாள். சண்டை போடத் தயாராகப் போனேன்.

சுவரில் புதிதாக ஓர் ஆணி. அதில் என் கத்தி, பிடியில் சிவப்பு நூல் சுற்றி. செதில் தேய்க்க இன்று புதிதாக வந்தவர் அதை எடுக்கப் போனார். உள்ளேயிருந்து முதலாளி கத்தினார், “அதத் தொடாத! அது அவ கத்தி. உன் கைக்கு வராது.”

மன்னிப்பா? அந்த வார்த்தை அவர் வாயில் வராது. நானும் மறக்கப் போவதில்லை. ஆனால் பலகையில் தன் இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார், என் இடது முழங்கை இடிக்காத அளவுக்கு.

வாத்தியார் மீன் கேட்டார். நான் வெட்டிக் கொடுத்தேன்.