வரிசையில் நின்ற தீ

செவ்வாய், இரவு

துறைமுக நிலக்கரிக் குவியலில் இன்று புகைந்தது. நான் பதித்த சென்சார்களை முந்திக்கொண்டு, தண்ணீர் அடிக்கும் செல்வி வந்து சொன்னார். மூக்கில் நெடி ஏறியதாம். அணைத்துவிட்டோம்.

பிறகு சென்சார் பதிவுகளை நோண்டிப் பார்த்தேன். சென்சார் நேரத்தோடுதான் சொல்லியிருக்கிறது. எல்லாச் செய்தியும், எடைமேடையில் வைத்த செய்தி கடத்தும் பெட்டி வழியாகவே போகட்டும், அதுதான் குறுக்குவழி என்று அமைத்தவன் நான். சாதாரண வெப்ப அளவுகளுக்குப் பின்னால் தீச்செய்தி காத்து நின்றிருக்கிறது.

“தீயுமா சார் வரிசையில நிக்கும்? எடைமேடையில லாரி நின்னா ஆம்புலன்ஸு சுத்திப் போயிரும்லா?” என்று செல்வி கேட்டார்.

சோதனைக்காக ஒரு தீச்செய்தியைக் குறுக்குவழியிலும் சுற்றுவழியிலும் அனுப்பினேன். நான்கு பெட்டி தாண்டியும் சுற்றுவழிச் செய்தியே முதலில் வந்தது!

சரி, எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் அவசரம் என்று கத்தினால்? செல்வியின் மூக்கை நான் எந்தப் பெட்டிக்குள் வைப்பேன்?