பேர் திரும்பி வரணும்

12.11.1983

தெலுக் இந்தான் தோட்டத்தில் மழை விடவில்லை. பள்ளத்தில் இருக்கிற கீழ் லயத்து வீட்டில் எல்ஸி, பிள்ளை பெற்ற உடம்போடு படுத்திருக்கிறாள். என் மகள் என்பதால் மழை தள்ளி நிற்குமா?

புது மண்டோர் சின்னையா, ஆட்களை மேய்க்க வந்த கங்காணி, என் பம்பு வீட்டுக்கு வந்தார். "பம்பு ஓடறப்பவே அந்தக் கோடி மதகையும் தொறந்து விட்டா என்னா?"

"தாராளமா. நான் வெளிய தள்ற தண்ணி பெரிய வாய்க்கால சுத்திப் போயி, அந்த மதகு வழியா உள்ள வரும். திரும்பத் தள்ளுவேன். சுத்திச் சுத்தி விளையாடலாம் லா."

சிரிக்கவில்லை மனுஷன்.

பம்பு நின்றால்தான் மதகுக் காவல் உடையப்பன் அந்தக் கோடி மதகைத் திறப்பான்; அப்போது தண்ணீர் அது வழியாக மெதுவாகத் தானே வெளியே வடியும். பம்பு ஓடும்வரை நான் அவனுக்குப் போனில் 'ஓடுது' என்று சொல்லிக்கொண்டே இருக்கணும். குரல் வராவிட்டால் பம்பு செத்தது என்று எடுத்துக்கொள்வான்.

இன்று "ஓடுது மாப்ள" என்றேன். பல்லுப்போன மாப்பிள்ளை! கோபத்தில் போனை வைத்துவிட்டான்.

14.11.1983

மத்தியானம் உடையப்பன் போன்.

"யோவ், பம்பு ஓடுதா இல்லியா?"

"ஓடுதுடா."

"அலோ? விளையாடாதய்யா, பேசு!"

"ஓடுது! ஓடுது!"

"செத்துப்போச்சு போல. நான் தொறக்குறேன்."

ஐயோ — அவன் பேசறது எனக்குக் கேக்குது, நான் கத்தறது அவனுக்குப் போகலை! தொறக்காதடான்னு தொண்டை கிழியக் கத்துனேன். வச்சிட்டான்.

நான் தள்ளத் தள்ள, திறந்த மதகு வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறியது. எல்ஸி வீட்டுக்குள் போய்விட்டது என்று மண்டோர் ஓடிவந்தார். மதகுக்கு ஆள் அனுப்பப் பாதை இல்லை, முங்கிவிட்டது. அவனை நிறுத்த முடியாது. என்னை நிறுத்தலாமே; நான் தள்ளாவிட்டால் அதே மதகு வழியாக வடியும்.

பம்பை அணைத்தேன்.

"பைத்தியமாய்யா? பிள்ளை முங்கப் போவுது, நிப்பாட்டுறியே!" சட்டையைப் பிடித்தார்.

"விடுங்க மண்டோர். அங்க இருக்கறது என் பேரன்."

சரியாத்தான் செஞ்சேனா?

15.11.1983

வடிந்தது. மெதுவாக, மதகு வழியாகவே. தொட்டில் நனையவில்லை.

17.11.1983

அறுந்த போன் ஒயரைக் கட்டியாச்சு. உடையப்பன் வந்தான். "மொதல்ல நீ வேணும்னே பேசாம இருக்கேன்னு நெனச்சேன்யா, அப்பறம்தான் பம்பு செத்துச்சுன்னு."

நான் செய்த கேலிக்கு நினைக்கத்தான் செய்வான்.

இனி நான் 'ஓடுது' என்றால் அவன் என் பேரைத் திருப்பிச் சொல்லணும். பேர் வராவிட்டால் கத்திக்கொண்டு நிற்காமல் பம்பை அணைப்பேன். என் குரல் கேட்காமல் அவன் திறப்பான்.

"மரியஜோசப் அண்ணே, கேக்குதுன்னு சொல்லணும்."

"அண்ணேவா? நீ என்னை விட எளையவன்யா!"

"மரியாதை எனக்கில்ல, பம்புக்கு லா."

2.12.1983

பேய் மழை. "ஓடுது" என்றேன். "அலோ? அலோ?" மட்டும் வந்தது. பேர் வரவில்லை. அணைத்தேன். மண்டோர் பார்த்துவிட்டு எனக்குக் குடையை நீட்டினார்.

கீழ் லயத்துக்குப் போனேன். தரை காய்ந்து கிடந்தது. எல்ஸி தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, பம்பு சத்தத்தையே காணோம்?"

"உடையப்பன் தொறந்திருப்பான்" என்றேன். தேத்தண்ணி கேட்டேன்.