வெள்ளை கேன்வாஸும் தை மாதக் கெடுவும்

ஜனவரி 18, 2009, ஞாயிறு

பனி. பள்ளி மைதானத்தில் எதிரே வருகிறவர் முகம்கூடத் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் வலது முட்டி பிடித்துக்கொண்டது. மறுபடியும். நடந்தே வீடு.

ஏ. வாசலில் உட்கார்ந்து மில் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். (ஏ. என்றால் என் வீட்டுக்காரர். புருஷன் பெயரை முழுசாக எழுதக்கூடாது என்று அம்மா சொல்வாள். ஏழுமலை. இதோ எழுதியாயிற்று, ஒன்றும் ஆகவில்லை.)

"நொண்டுற," என்றார்.

"இல்லயே."

"வசு, நான் இன்னா குருடா? டாக்டரு நடந்தா போதும்னாரு. நீ ஓடுற. வேணாம், உட்டுடு."

 தோசைக்கல்லைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

என் ஓட்ட ஷூ, தீபாவளி போனஸில் சென்னை போய் அவர் வாங்கித் தந்தது. புடவை வேண்டாம், ஷூ வேண்டும் என்று கேட்டவள் நான்தான். அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு மெத்தை. போட்டால் உயரம்கூடக் கூடுகிறது. அதைப் போட்ட பிறகுதான் முட்டி வலி. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

வாங்க: புளி, சோப்பு, ஆயின்மென்ட்.

ஜனவரி 20, செவ்வாய்

காக்களூரில், எங்கள் ஃபேக்டரியில், காலையிலிருந்து கரண்ட் இல்லை. மெஷின் நின்றுவிட்டது. செக்கிங் டேபிளில் பொண்ணுங்க எல்லாம் கதை. எனக்கு உட்கார முடியவில்லை. டேபிளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

"அக்கா, நீங்க நடக்குறதப் பாத்தா எனுக்குத் தல சுத்துது," என்றாள் ஷாகிரா. அக்கவுண்ட்ஸில் இருக்கிறாள், பழவேற்காட்டுப் பெண். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரில் எதையோ தேடி இரண்டு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தாள். வெளிநாட்டில் மெத்தை ஷூவை விட்டுவிட்டு வெறுங்கால் மாதிரி மெல்லிய ஷூவில் ஓடுகிறார்களாம். மெத்தை இருந்தால் குதிகாலைத் தொப்பென்று போடுகிறோம், முட்டி அடி வாங்குகிறது. மெத்தை இல்லாவிட்டால் கால் தானே மெதுவாக இறங்கும். படத்தில் ஒரு ஷூ, விரல் விரலாக. குரங்குக் கால் மாதிரி.

"இது இங்க கெடைக்காதுக்கா."

அடியில் ஒரு வரி, ஷாகிரா கோடு போட்டிருந்தாள்: கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற வேண்டும், மாதக்கணக்கு ஆகும். மாதக்கணக்காம்.

ஜனவரி 21, புதன்

பஜாரில் செருப்புக் கடை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பி.டி.க்குப் போடும் வெள்ளை கேன்வாஸ். சோல் அப்பளம் மாதிரி. வளைத்தால் மடிகிறது.

"எந்த ஸ்கூல்மா? பொண்ணுக்கா?"

"ஆமா. எட்டாவது."

எனக்கு ஒரே பையன், பாலிடெக்னிக் ஹாஸ்டலில் மீசை வைத்திருக்கிறான். வாய் எப்படிப் பொய் சொல்கிறது பார்.

வீட்டில் சண்டை, சின்னது. ஏ. பழைய ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்மாந் தேடி வாங்கினேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்." முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

கடைசியில் கெடு வைத்தார். தை முடிகிறவரை. மாசி பிறந்து நான் நொண்டினால் ஓட்டம் கிடையாது. "நொண்டினா நிறுத்திக்கணும். அவ்ளோதான். அப்பறம் பேச்சே இல்ல."

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

ஓடாத நாளில் நான் நல்லவள் இல்லை. இது அவருக்கும் தெரியும். செக்கிங் பொண்ணுங்களுக்கும் தெரியும். பாத்திரங்களுக்கும் தெரியும்.

ஜனவரி 23, வெள்ளி

கெண்டைக்கால் இரண்டும் கல். ஃபேக்டரி மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன். முட்டி? சத்தமே இல்லை. சந்தோஷப்படலாமா, வேண்டாமா?

நேற்று ஏ. நைட் ஷிஃப்ட் போனதும் ஆயின்மென்ட். வீடு முழுக்க வாசனை. காலையில் வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. மூக்கடைப்போ என்னவோ.

ஜனவரி 26, திங்கள்

ஃபேக்டரியில் கொடியேற்றி, லட்டு கொடுத்து, பத்து மணிக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். மைதானம் முழுக்கப் பிள்ளைகள், அணிவகுப்பு முடித்து. எல்லார் காலிலும் என் ஷூ. ஒரு பெண் பக்கத்துப் பெண்ணை இடித்து, "ஏய், அந்த ஆன்ட்டி கால பாருடி" என்றாள். நானும் பார்த்தேன். மண் ஒட்டி, என் கால்தான் ஆக அழுக்கு.

தெருமுனையில் பால்கார அம்மா: "தண்ணி லாரியா வந்துச்சி? இன்னாத்துக்கு இப்டி ஓடியார?"

ஏ.க்கு இன்று லீவு. குளியலறையில் வெந்நீர் வாளியோடு ஒரு மணி நேரம். நாஷ்டா ஆறிப்போனது. கேட்டால், "உடம்பு வலி. மில்லுல இரும்போட மாரடிக்கிறவனுக்கு வலிக்காதா?"

பிப்ரவரி 4, புதன்

நல்ல நாள். எழுதிவைக்க வேண்டும். தரை தெரிகிறது. மெத்தையில் எல்லாத் தரையும் ஒன்று. இதில் ஈர மண் வேறு, காய்ந்த மண் வேறு, புல் வேறு. சின்னக் கல் குத்தினால் கால் தானே ஒதுங்குகிறது. முட்டி வலி போயே போய்விட்டது.

ஏ. பஸ் ஸ்டாப்புக்கு ஷேர் ஆட்டோவில் போகிறார். இரண்டு தெரு தள்ளித்தான் கும்மிடிப்பூண்டி மில்லுக்குப் போகும் கம்பெனி பஸ் வரும். அதற்கு ஆட்டோ! சோம்பேறி. என்னை நொண்டி என்றவர்.

ஆயின்மென்ட் தீர்ந்துவிட்டது. இவ்வளவா தடவினேன்? புதிதாக வாங்கி, அதே இடத்தில் அதே மாதிரி வைத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தைப்பூசம். கோயிலுக்கு நேரமாகிவிட்டது, காரணம் நான்.

விடிய எழுந்து பூண்டி ஏரி ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். கால் போய்க்கொண்டே இருந்தது. மைதானத்துக்குள்ளேயே ஓடி அலுத்துவிட்டது. இரண்டு பக்கமும் நெல் அறுத்த வயல், கொக்கு, யாரும் இல்லை. திரும்ப வேண்டும் என்றே தோன்றவில்லை. ஷாகிரா கோடு போட்ட வரி ஞாபகத்துக்கு வந்தது. வந்தது, போனது.

திரும்பி வரும்போது, தார் ரோட்டில், இடது பாதத்தின் மேல்பக்கம் சுருக்கென்றது. ஷூ கயிறு இறுக்கம் என்று நினைத்துத் தளர்த்தினேன். கயிற்றால் வந்த வலி இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

பாதம் வீங்கியிருக்கிறது. விரல் பக்கம் ஊன்ற முடியவில்லை. குதிகாலும் வெளி ஓரமுமாக நடக்கக் கற்றுக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. ஷாகிரா தவிர.

"நான்தான் கோடு போட்டுக் குட்த்தனே."

"பாத்தேன்."

"பாத்தா போதுமா, படிக்க வேணாமாக்கா?"

ஆழம் தெரியாமல் காலை விட்டவள் என்று வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். அவளிடம் போகவில்லை. மாசி பிறக்க இன்னும் மூன்று நாள்தான். எரிச்சலாக வருகிறது. ஒரு பொண்ணைக் காரணமே இல்லாமல் திட்டிவிட்டேன். பிறகு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

மாசி பிறந்துவிட்டது. ஏ. டபுள் ஷிஃப்ட், வீட்டுக்கு வரவில்லை. தப்பித்தேன். ஓட்டம் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? யோசிக்கவே பயமாக இருக்கிறது.

புது ட்யூபும் பாதி காலி. எலியா தின்கிறது?

பிப்ரவரி 15, ஞாயிறு

வெயில் இப்போதே சுருக்கென்று. வாசலும் முன்கட்டும் கழுவிவிட்டு ஈரக் காலோடு உள்ளே போனேன். ஏ. உள்ளே ஓரமாக நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரைத் தாழ்த்தினார்.

"வசு. மாசி பொறந்துச்சா?"

"பொறந்துச்சி. நல்லாத்தான் கீறேன்."

"தரயப் பாரு."

காய்ந்த சிமென்ட்டில் என் கால் வரிசை. வலது கால் முழுசாக, ஐந்து விரலும். இடது காலில் குதி, ஒரு ஓரக் கோடு, அவ்வளவுதான். விரலே இல்லை. நான் எவ்வளவு நடித்தும் தரை காட்டிக்கொடுத்துவிட்டது.  கண்ணில் நீர் வந்துவிட்டது, அவர் பார்க்காமல் துடைத்தேன்.

"பேச்சே இல்லன்னு சொல்லிக்கீறேன். நானே எட்த்து வெச்சிடறேன்."

எழுந்து, ஈர வாசலைத் தாண்டி, படியோரம் இருந்த கேன்வாஸை எடுத்துக்கொண்டு வந்தார். நான் தலையைக் குனிந்தபடி நின்றேன். அதனால்தான் பார்த்தேன். என் கால் வரிசைக்குப் பக்கத்தில் அவர் கால் வரிசை. இரண்டு காலிலும் குதி, ஓரக் கோடு. விரல் எதுவும் இல்லை.

"இது யார் காலுங்க?"

அவரும் பார்த்தார். 

"சேஃப்டி ஷூ," என்றார். "உள்ள இரும்பு மூக்கு இட்ச்சிக்கினே கீது. விரல் மடங்கல. ஒரு வருசமா."

"ஆயின்மென்ட்டு?"

"நான்தான். நீ ஒண்ணும் கேக்கல, மூக்கடைப்போன்னு நென்ச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா போவாதன்னுவ."

ஷேர் ஆட்டோ. வெந்நீர் வாளி. சோம்பேறி என்று எழுதியது நான்.

"நொண்டினா நிறுத்திக்கணும்னு நீங்கதான சொன்னீங்க," என்றேன். "நாளைக்கு மில்லுக்குப் போறீங்களா?"

 கையிலிருந்த கேன்வாஸைப் பார்த்தார்.  பிறகு திரும்பிப் போய், எடுத்த இடத்திலேயே ஜோடியாக வைத்தார். திரும்பி வரும்போது நன்றாக நொண்டினார். மறைக்கவில்லை.

டீ போட்டுக் கொண்டுபோனேன். நானும் நொண்டிக்கொண்டேதான்.