மேற்குக் கதவும் இரண்டாம் பாகமும்

என் தாயி மாரியம்மா,

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் செல்வி எழுதுகிறாள். திட்டுவதையும் விடாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ எனக்கு வாசித்துக் காட்டிய பேய்க்கோட்டைக் கதைக்கு இரண்டாம் பாகம் வந்துவிட்டது. செல்விதான் வாசித்துக் காட்டினாள். முதல் பாகத்தின் கடைசியில் இருளாயி நெருப்புக் குழியில் விழுந்ததும் நான் கதைக்காரனை ஏசினேன். "பொறுங்கய்யா, அவ லேசுல சாகுறவ இல்ல. எந்திரிச்சு வருவா" என்றாய். அது வருமுன்னே நீ போய்விட்டாய்.

அவள் வந்துவிட்டாள். பாதி முகம் வெந்து வந்திருக்கிறாள். முக்காடு போடச் சொன்ன பேயரசனிடம், "வெந்த பக்கத்தைப் பார்த்துப் பேசு" என்கிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சண்டைக்கு முன்னே கோட்டைக் கதவுகளைப் பெயர்த்து எறிகிறாள், அடைபட்டவர்கள் முதலில் ஓடட்டும் என்று.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "தூக்கி அடுப்புல போடு! கதையில மட்டும் வெந்தவ எந்திரிச்சு வாராளாக்கும்!" என்று கத்தினேன். மறுநாள் நானே, "அந்தக் கதவு பேக்குற எடத்தை இன்னொருக்கா வாசி" என்றேன்.

பட்டாசுக் கம்பெனியில் நீ வேலை பார்த்த அறைக்கும் நாலு பக்கம் கதவு இருந்ததே, தாயி! ஆடிக்காற்றில் வெடிமருந்து பறக்கிறது, வேலை ஓடவில்லை என்று மேற்குக் கதவைச் சாத்தினீர்களாம். பொறி பற்றியபோது உன் பக்கம் ஓட வாசல் இல்லை. நீதான் எழுந்து சாத்தினாய் என்கிறார்கள். நிஜமா? சாத்தச் சொன்ன போர்மேன் இழவு வீட்டுக்கு வந்து, "எல்லாம் விதி, பெரியவரே" என்றான். விதியா வந்து கொண்டி போட்டது?

இப்போது செல்வியும் அதே கம்பெனி வேனில்தான் போகிறாள். தடுத்தேன். "வேற வேலை வச்சிருக்கீகளா தாத்தா?" என்றாள். என்னிடம் என்ன இருக்கிறது? சாப்பாட்டு நேரத்தில் அங்கேயும் இருளாயி கதையை வாசிக்கிறாளாம்.

நேற்று அதே காற்று. அதே போர்மேன், "மேக்குக் கதவைச் சாத்துங்க" என்றிருக்கிறான். இவள் போய் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி புள்ள. நீ என்ன பெரிய இருளாயியா?"

"ஆமாண்ணே. மொதப் பாகம் எங்கம்மா. நான் ரெண்டாம் பாகம்."

மற்றப் பெண்களும் எழுந்து ஆளுக்கொரு வாசலில் உட்கார்ந்தார்களாம். ஒரு கதவும் அடைபடவில்லை. "நாளைக்கு வேன் உங்க தெருப்பக்கம் வராது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

வராமல் போகட்டும். நானும் இவளும் நடந்தே போவோம். அந்த மேற்கு வாசலில் இந்தக் கட்டை உட்கார்ந்திருக்கும். என்னைத் தாண்டி எவன் சாத்துகிறான் என்று பார்க்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்மேலும் கோபம் ஆறாத,
உன் ஐயா