கடைசி வரிசைக் கொக்கி

அன்பு மகளுக்கு,

பீட்டர்ஸ்பர்க்கில் இன்னும் பனி உருகவில்லை. முழங்கால் வலி வழக்கம்போல்தான். இதைச் சொல்வதற்காக எழுத உட்காரவில்லை.

நீ கடைசியாக மேடையில் உடுத்திய பாலே உடை, அந்த வெள்ளை டூட்டூ, பதினெட்டு வருடமாக நம் அரங்கின் உடுப்பறையில் தலைகீழாகத் தொங்கியது. இன்று இறக்கினேன். வலைத்துணி அடுக்குகள் கொஞ்சமும் தொய்யவில்லை. ஒரு காலத்தில் பாலே ஆடுபவர்களுக்குக் கணுக்கால்வரை இருந்த பாவாடைதான், கால் வேலை தெரியட்டும் என்று இடுப்புவரை ஏறிவிட்டது. உடம்பில் எதையும் மறைக்க அதில் இடமில்லை. உள்ளே உன் பெயர் நாடா அப்படியே இருக்கிறது. அதன் கீழே வேரா என்ற, புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பெயரைத் தைத்தேன்.

ஒத்திகைக்கு முன் அவளுக்கு முதுகுக் கொக்கிகளை மாட்டினேன்.

"தாத்தா, மூச்சு முட்டுது. கடைசி வரிசைக்கு மாத்துங்க," என்றாள்.

என்னோடு வேலை செய்யும் ரைசா சிரித்தாள். "நோட்டை எடுங்கய்யா. எந்த வரிசைன்னு எழுதாம உங்களுக்கு சூப் இறங்காதே."

பதினெட்டு வருடம் முன்பு, அன்று உனக்கும் அதே வரிசைதான். வழக்கப்படி எழுதி வைத்தேன். நடன ஆசிரியர் அதைப் படித்தார். நீ யாரிடமும் சொல்லாத கர்ப்பம் மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்தது. உன் வேடம் வேறொருத்திக்குப் போனது.

"இந்த நோட்டுதாம்பா உங்க பொண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனாய்.

விதிப்படிதானே செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலுத்துவிட்டது.

இன்று வேராவுக்குக் கடைசி வரிசையில் மாட்டினேன். நோட்டைத் திறக்கவில்லை.

உன் பிள்ளைக்குப் பதினேழு வயது முடிந்திருக்கும். ஆணா பெண்ணா என்று மட்டும் எழுதினால் போதும்.

உன் அப்பா