அத்தை இன்டர்வியூவுக்குப் போன கதை

ஞாயிறு, பிற்பகல்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன் தம்பி ஹாஸ்டலிலிருந்து பேசினான். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறானாம். அவன் எந்தப் பரீட்சையைத்தான் சுமாராக எழுதினேன் என்று சொல்லியிருக்கிறான்? உனக்கு முதுகுவலி குறைந்ததா? நோயாளியைத் தனியாகத் தூக்காதே, பக்கத்து வார்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொள் என்று போன தடவையே சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் இதைச் சொல்ல வழியில்லை. நீ கூப்பிட்டதுமே அத்தை ஓடி வந்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்றுகொள்வார். இன்றைக்கு அவர் வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா வேலைக்குப் போயிருக்கிறார்.

பதறாதே, நிதானமாகப் படி. இரண்டு மாதத்துக்கு முன் பெரிய ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் சர்வீஸுக்குப் போயிருந்தேன். அங்கே நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். துணிப் பிரிவுக்குப் பொறுப்பாளர் தேவை. வார்டுகளிலிருந்து வரும் விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி எல்லாவற்றையும் எண்ணி வாங்கி, கிழிசல் பார்த்து, சலவைக்கு அனுப்பி, வந்ததும் மறுபடி எண்ணிக் கொடுக்கிற வேலை. வயது ஐம்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அத்தைக்கு ஐம்பத்திரண்டு. போனில் படம் பிடித்து வந்து சாப்பிடும்போது காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “யாருக்கு மாப்பிள்ளை?” என்று கேட்டார். “உங்களுக்குத்தான்” என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை நான் ஷூ மாட்டும்போது பின்னால் வந்து நின்று, “அந்தப் படத்தை அழிச்சிட்டீங்களா?” என்றார். இல்லை என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடியபின் அவர் எப்படி இருந்தார் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ இருந்தவரை உனக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார். நீ வெளிநாடு போனபின் துடைத்த இடத்தையே துடைப்பார். என் யூனிஃபார்ம் சட்டையைத் தினமும் உள்பக்கம் திருப்பித் தையல் பார்ப்பார். பட்டன் தளர வேண்டும் என்று நினைப்பதற்குள் அதை இறுக்கித் தைத்துவிடுவார். நானும் அவரும் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் போலத்தான் இருந்தோம். எனக்கு முன்னால் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

பயோடேட்டா எழுதத்தான் முதன்முதலாக எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். “என்னத்த எழுதறது? தையல் கம்பெனி, செக்கிங், இருபத்திரண்டு வருஷம். அவ்வளவுதானே” என்று ஒரு வரியில் முடித்தார். நான் லிஃப்ட்காரன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக் கேட்டே கண்டுபிடிக்கிறவன். விடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சட்டை பார்ப்பீர்கள்? அறுநூறு. உங்கள் கைக்குக் கீழே எத்தனை பேர்? பதினான்கு பேர். தப்பு வந்தால் யார் பதில் சொல்வார்கள்? “நான்தான், வேற யாரு?” என்றார், இது என்ன கேள்வி என்பதுபோல.

ஒரு முறை நாலாயிரம் சட்டை பெட்டியில் ஏறியபின், அளவுச் சீட்டு மாறித் தைத்திருப்பதைக் கண்டுபிடித்து லாரியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மேனேஜர், “யாரும் பார்க்க மாட்டாங்கம்மா, விடு” என்றாராம். “நான் பார்த்துட்டேனே சார்” என்றாராம் அத்தை. பெட்டிகளை இறக்கினார்களாம். இந்தக் கதை உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஒன்றரை வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறேன், என் மாமியார் ஒரு லாரியை நிறுத்தியவர் என்று எனக்குத் தெரியாது.

அடுத்து ஒத்திகை. நான் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேஜைக்கு இந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்தேன். நானே என் வாழ்க்கையில் இன்டர்வியூ என்று ஒன்றுக்குப் போனதில்லை. முதலாளி, “ஏணி ஏறுவியா?” என்று கேட்டார், ஏறினேன், வேலை கொடுத்தார். ஆனால் லிஃப்ட் கண்ணாடியில் கடைசி நிமிஷம் தலை வாரிக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு மேலே போகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்க” என்றேன்.

அத்தை எழுந்து நின்றார். “வீட்டுக்காரர் காலமாகிப் பதினோரு வருஷம் ஆகுது. பொண்ணு நர்ஸு, வெளிநாட்டுல இருக்கா. பையன் காலேஜ். மாப்பிள்ளை தங்கமானவர்.”

“அத்தை, அவங்க சம்பந்தம் பேச வரல” என்றேன்.

ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சிரித்தார் பார், நீ போனபின் இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனால் ஒரு வாக்கியத்தை ‘நான்’ என்று ஆரம்பிக்க அவருக்கு நாலு நாள் ஆயிற்று. ‘நாங்க’ என்பார், ‘எங்க செக்‌ஷன்ல’ என்பார். ‘நான்’ என்றால் வாய் குழறும். நாலாம் நாள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை முறுக்காமல், என் கண்ணைப் பார்த்து, “நான் இருபத்திரண்டு வருஷம் துணி பார்த்தவ” என்றார். அதிகாரியாக இருந்த நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டால் ‘கொஞ்சம் தெரியும்’ என்று சொல்லி வைக்கலாமே என்றேன். “கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேட்பாங்க மாப்பிள்ளை” என்றார். அன்று சாயங்காலமே தெருமுனை ஜெராக்ஸ் கடை அக்காவிடம் போய் உட்கார்ந்துவிட்டார். பத்து நாள். ஒற்றை விரலால் உன் பெயரையும் தம்பி பெயரையும் என் பெயரையும் அடித்துத் தாளில் எடுத்து வந்தார். என் பெயரில் ஒரு எழுத்து பிசகியிருந்தது. அதை அவரே கண்டுபிடித்து, “இது ரிஜக்ட்” என்று கிழித்துப் போட்டார்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அதே பஸ்ஸில் அதே நேரத்துக்குத் தனியாக ஆஸ்பத்திரிவரை போய்த் திரும்பியிருக்கிறார். எத்தனை நிமிஷம், எந்தக் கதவு, முகம் கழுவக் குழாய் எங்கே, எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன். “கம்பெனியில முதல் பீஸ் தைச்சுப் பார்க்காம லைனை ஓட விடுவாங்களா?” என்றார்.

மறுநாள் நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். சாம்பல் நிறப் புடவை, பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள், கைக்குட்டை. நாலாவது மாடியில் இன்டர்வியூ. போய் நின்றால் லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று அட்டை தொங்குகிறது! நான் முந்தின வாரம்தான் பார்த்துவிட்டுப் போன லிஃப்ட். அத்தை அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கை தானாகப் பேனல் பக்கம் போயிற்று. “இன்டர்வியூ எனக்கா உங்களுக்கா? வாங்க” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கி, முகம் துடைத்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். அவசரமே இல்லை. அரைமணி நேரம் முன்னதாக வந்திருந்தோமே.

வெளியே பெஞ்சில் பதினோரு பேர். பாதிப்பேருக்கு உன் வயதுதான் இருக்கும். ஒரு பெண் டிகிரி சான்றிதழை விசிறியாக வீசிக்கொண்டிருந்தாள். அத்தை ஒவ்வொருவராகப் பார்த்தார். எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். அவரோ பக்கத்துப் பெண்ணின் சட்டைக் கையில் தொங்கிய நூலைக் காட்டி, பையிலிருந்து சின்னக் கத்திரியை எடுத்து வெட்டிவிட்டார். “உள்ள போறப்போ நல்லா இருக்கணும்மா” என்றார். போட்டிக்கு வந்தவளுக்கு!

இருபத்தைந்து நிமிஷம் உள்ளே இருந்தார். மூன்று பேர் கேட்டார்களாம்: தலைமை நர்ஸ், ஒரு டாக்டர், அலுவலக அதிகாரி. நடந்ததைத் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார். இந்த வயதில் நாள் முழுக்க நிற்க முடியுமா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். “சார், இருபத்திரண்டு வருஷம் நின்னுதான் வேலை பார்த்தேன். இந்த ரெண்டு வருஷமா உட்காரக் கத்துக்கிட்டிருக்கேன். அதுதான் வரமாட்டேங்குது” என்றாராம். டாக்டர் சிரித்துவிட்டாராம். வார்டில் பத்து விரிப்பு கொடுத்தோம் என்கிறார்கள், உங்கள் கணக்கில் ஒன்பதுதான் வருகிறது, என்ன செய்வீர்கள் என்று தலைமை நர்ஸ் கேட்டாராம். “முதல்ல அவங்களையும் கூட வச்சுக்கிட்டு இன்னொரு தடவை எண்ணுவேன். அவங்க பொய் சொல்றாங்கன்னும் நினைக்க மாட்டேன், எனக்குத் தப்பே வராதுன்னும் நினைக்க மாட்டேன்.” கம்ப்யூட்டர் கேள்வியும் வந்தது. “பத்து நாள்தான் கத்துக்கிட்டேன். மெதுவா அடிப்பேன், தப்பில்லாம அடிப்பேன்.”

இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்களா என்றேன். அந்தக் கேள்விக்கு நானே ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தேன், நோயாளிகளுக்குச் சேவை, சுத்தம், அது இது என்று. வீட்டு விஷயத்தை மட்டும் அங்கே எடுக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். “கேட்டாங்க. சொன்னேன்” என்று மட்டும் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அத்தை வாசலிலேயே நின்று பிரித்துப் படித்தார். பிறகு உள்ளே வந்து, என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மாப்பிள்ளை, எனக்கு வேலை கிடைச்சிடுச்சு” என்றார். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். இதை உன்னிடம் சொல்லலாமா என்றேன். வேண்டாம், நிரந்தரமாகட்டும், அதுவரை பாப்பாவுக்கு, அதாவது உனக்கு, எதுவும் தெரிய வேண்டாம் என்றார். சத்தியம் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமாகிறது. இரண்டாம் நாளே கிழிந்த விரிப்புகளைத் தனியாகப் பிரித்து, தைக்கக்கூடியது, துடைக்க வெட்டக்கூடியது என்று இரண்டு அலமாரி போட்டுவிட்டார். இப்போது என் பட்டன்களை யாரும் பார்ப்பதில்லை. நேற்று ஒன்று அறுந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

முந்தாநாள் அதே லிஃப்ட்டுக்குப் போனபோது தலைமை நர்ஸ் என்னைப் பார்த்து, “நீங்கதானே அந்த அம்மாவோட மருமகன்?” என்று நிறுத்தினார். அத்தை என்னிடம் சொல்லாததை அவர் சொன்னார்.

ஏன் இந்த வேலை என்று கேட்டதும் அத்தை கைக்குட்டையை நாலாக மடித்து மடியில் வைத்தாராம். மனப்பாடம் செய்ததை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று இவர்கள் காத்திருந்தார்களாம். பிறகு அத்தை சொன்னாராம்: “என் பொண்ணும் உங்களை மாதிரி நர்ஸுதாம்மா. எனக்கு வேலை போனதாலதான் அவ கல்யாணமான ஆறாவது மாசம் வெளிநாட்டுக்குப் போனா. எனக்கு ஒரு வேலை இருந்தா, பையன் படிப்பை நான் பார்த்துக்குவேன். அவ திரும்பி வரலாம்.” அத்தையே தொடர்ந்து, “இது எனக்கு இந்த வேலை ஏன் வேணும்ங்கறதுக்குக் காரணம். நீங்க எனக்கு ஏன் தரணும்ங்கறதுக்குக் காரணம் வேற. என் கையைத் தாண்டி ஒரு கிழிசல் போனதில்ல. அதைப் பார்த்துத் தாங்க, இதைப் பார்த்துத் தர வேண்டாம்” என்றாராம்.

“எத்தனையோ இன்டர்வியூவுல உட்கார்ந்திருக்கேன். இப்படிக் கணக்கைப் பிரிச்சு வச்சு யாரும் பேசினதில்ல” என்றார் அந்த நர்ஸம்மா. நான் லிஃப்ட்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டேன். சும்மா இரண்டு தடவை மேலும் கீழும் போய் வந்தேன்.

இதை அத்தையிடம் நான் கேட்கவில்லை. நீ கேட்டால், “வீட்ல பொழுது போகல, அதான்” என்பார். நீ கேட்காதே.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு உன் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாள் இந்த மாசக் கடைசியில் கைக்கு வரும், கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். ‘உன் இஷ்டம்’ என்று உடனே பதில் அனுப்பினேன். அது நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில், வாயாடி. நல்ல கணவன் சொல்ல வேண்டியது என்று யாரோ எழுதிக் கொடுத்தது போன்ற பதில். நிஜமான பதிலைச் சொல்ல எனக்கு உன் அம்மா அளவுக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை பக்கம் எழுதியும் வரவில்லை.

பஸ் வரும் நேரம். அத்தை வருவதற்குள் ஒட்டிவிட வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. முதுகைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

‘எங்கே இருந்தாலும்’ என்பதை அடித்துவிட்டேன். மேலே மை கலங்கியிருப்பது அதுதான்.

என்றும் உன்,
லிஃப்ட்காரன்